கடைசிக் கழுவல் நீர்

அக்கராயன் துருசடியில் முறித்த
ஆடாதோடைக் கொப்பு
ஐஸ் பெட்டிக்குள் இருந்து
அறிவியல் நகருக்கு வந்தது.
ஆடு தொடாத இலை.
மோந்துவிட்டு முகத்தைத் திருப்பும் ஆட்டை
எங்கள் வேலியிலேயே கண்டிருக்கிறேன்.

முதலில் குழாய்த் தண்ணீர்.
பிறகு ஸ்பிரிற், ஒரு நிமிடம்.
பிறகு குளோரீன், மூன்று நிமிடம்.
முகாமில் பவுசர் மூடியைத் திறந்தால் வருமே,
அந்த மணம்.
திரும்பவும் ஸ்பிரிற்.
அவித்து ஆறின நீரில் மூன்று தரம்.
இலைக்கு வெளியே இருந்த எல்லாம் சாகவேண்டும்:
வீதிப் புழுதி, எருமையின் மூச்சு,
என் விரல்.
நாங்கள் தேடுவது
உள்ளே குடியிருக்கிறவரை.

கடைசிக் கழுவல் நீரைக் கொட்டுவதில்லை.
அதில் ஒரு சொட்டு
தனித் தட்டில் போகும்.
அங்கே ஒன்றும் முளைக்கக்கூடாது.
முளைக்காவிட்டால்தான்
மற்றத் தட்டில் முளைப்பதை நம்பலாம்.
நாள்தோறும் அந்த வெறுந்தட்டைத் தூக்கி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதற்கும்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஒன்பதாம் நாள்
இலை வெட்டிய ஓரத்தில்
திருநீறு சிந்தியதுபோல் ஒன்று.
மூடியைத் திறந்தேன்:
காய்ந்த வயலில் முதல் துளி விழுந்த வாசம்.
குளிரூட்டிய அறைக்குள், வைகாசியில்.

எதிரே வைக்க இருபத்தேழு இருந்தது.
ஆஸ்பத்திரி அனுப்பியது.
கூட வந்த தாளில் பதினொரு மருந்து,
பதினொன்றுக்கும் நேரே ஒரே எழுத்து.
ஒரு மருந்துக்கும் கேளாத கிருமி.
யாருடைய புண், எந்தக் கால்
என்று தாளில் இல்லை.
நானும் கேட்கவில்லை.
இந்தப் பக்கத்துக் கால்களை எனக்குத் தெரியும்.

விடியப் பார்த்தால்,
பனிமூட்டமாய்ப் படர்ந்த இருபத்தேழின் நடுவில்
தெளிந்த வட்டம்.
பதினாறு மில்லிமீற்றர்.
இயலினி அடிமட்டத்தோடு குனிந்து
சத்தம் போட்டே சிரித்தாள்.
நான் ஒரு அடி பின்னால் நின்றேன்.
உள்ளே போகாதே என்று
சிவப்புத் தடி நட்ட நிலங்களைச் சுற்றி நடந்தே
பள்ளிக்கூடம் போனவள் நான்.

தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றினோம்.
மூன்றாம் தட்டில் ஒன்பது மில்லிமீற்றர்.
ஐந்தாவதில் வட்டமே இல்லை.
வளர்கிறது, குறையில்லை,
அதே நீறு, அதே மண்வாசம்.
சுரப்பதை மட்டும் விட்டுவிட்டது.
"சீனியும் ஜெலியும் குடுத்து வைச்சிருக்கிறம்,
அதுக்கு ஆரோட சண்டை?"
என்றார் ரூபவதனன் சேர்.

இலைச் சாறு கலந்து பார்ப்போம் என்றாள் இயலினி.
எங்கள் வேலியில் பறித்துக் கொடுத்தேன்.
இல்லை.
அந்த இலைகளையும் கழுவி வெட்டி வைத்தோம்,
உள்ளே வேறு யாரோ இருந்தார்கள்,
மஞ்சளாய், வழவழவென்று,
இருபத்தேழைக் கண்டும் காணாமல்.
அதே செடி.
வேறு குடித்தனம்.

சனிக்கிழமை மோட்டார்சைக்கிளில் அக்கராயன்.
துருசின் இடப்பக்கம், அதே பற்றை,
நாங்கள் முறித்த இடத்தில்
இரண்டு தளிர்.
தளிரை விட்டுவிட்டு
முற்றல் இலையாய் ஒரு பை.

திங்கள் பின்னேரம் ஆஸ்பத்திரி அற்ரெண்டன்
வேறு மாதிரிகளோடு வந்தார்.
கையெழுத்து வைத்துக்கொண்டே கேட்டேன்,
இருபத்தேழு?
"துண்டு வெட்டியாச்சு."
காலோடயா?
அவர் பெட்டியைத் தூக்கிப்
பக்கவாட்டில் வைத்தார்.
"எனக்கு வாட்டு இல்லை, தங்கச்சி.
நான் ஓட்டம்தான்."

எட்டுத் தட்டு ஊற்றினேன்,
ஏழில் அக்கராயன் சாறு.
எட்டாவதில்
கடைசிக் கழுவல் நீர்.
ஆறட்டும் என்று வைத்திருக்கிறேன்.
மூடிகளின் உட்புறம்
வேர்க்கிறது.