தீர்த்தகிரி திறந்த தண்ணீர்

அப்பா வேலையில் சேர்ந்தபோது
பாப்பாரப்பட்டியில் பதினொரு வால்வுகள்.
இப்போது நாற்பத்து மூன்று.
சாவி மட்டும் அதேதான்:
மூன்றடி இரும்பு,
பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியது.

முதலில் கடைவீதி, அப்புறம் கோயில் தெரு,
கடைசியில் காலனி என்று
எழுதிக் கொடுத்திருந்தது பேரூராட்சி.
அப்பா காலனியில் தொடங்குவார்.
அது மேடு, கடைசியில் விட்டால்
காத்துதான் வரும் என்றார்
சண்டைக்கு வந்த மெம்பரிடம்.
அதற்கு ஒரு மெமோ கிடைத்தது.
அந்தப் பொங்கலுக்கு, யார் வைத்ததென்று தெரியாமல்
வாசலில் ஒரு படி அவரை.

எண்பத்திரண்டு வறட்சியில்
போர் வண்டி மூன்று நாள் இரைந்தது.
இருநூற்றெண்பது அடியில்
முதலில் புகை, பிறகு சேறு,
பிறகு பனைமர உயரத்துக்கு வெள்ளையாய்த் தண்ணீர்.
அப்பாவுக்கு மாலை போட்டார்கள்.
பேரே தீர்த்தகிரியாச்சே என்றார் ஹெட்மாஸ்டர்.
எனக்கு அப்போது ஒரு வயது.
அந்தத் தண்ணீரில்தான்
எனக்குப் பால் கரைத்தார்கள்.

ஏழாவதில் குரூப் போட்டோ.
சிரிங்கடா சிரிங்கடா என்று
கத்தி ஓய்ந்தார் ஸ்டுடியோக்காரர்.
நாற்பத்தொரு பேர்.
படத்தில் ஒரு பல் இல்லை.

சேலத்தில் ஐடிஐ முதல் நாள்
பேரைச் சொல்ல வாய் திறந்தேன்.
தர்மபுரியா? என்றான் பக்கத்து பெஞ்ச்.

அதே வருடம் ஒரு ஜீப் வந்தது.
சீசா சீசாவாய்ப் பிடித்துப் போனார்கள்.
ஏழு மாதம் கழித்து ஆள் வந்து
கைபம்புகளுக்குச் சிவப்பு அடித்தான்.
அப்பாவின் போருக்கு அடிக்கவில்லை.
அதை விட்டால் ஊருக்கு வேறு தண்ணீர் இல்லை.

அடுத்த பன்னிரண்டு வருடம்
அப்பா நாலரைக்கு எழுந்தார்.
தெரிந்தே திறந்தார்.

இந்த ஒரு வரிக்குத்தான்
இவ்வளவு நேரம் சுற்றினேன்.

ஒரு முறை கேட்டேன்.
மூடிட்டா என்னத்தக் குடிக்கும் ஊரு? என்றார்.
மறுமுறை கேட்கவில்லை.
அவருக்குக் கழுத்து திரும்ப மறுத்தது அப்போதுதான்.
கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார்.
டாக்டர் சொன்னாரென்று கேன் தண்ணீர் வாங்கி வைத்தேன்.
கீரைப் பாத்திக்கு ஊற்றிவிட்டு
குழாயில் சொம்பைப் பிடித்தார்.

ஒகேனக்கல் தண்ணீர் வந்த அன்று
வேலை என் பேருக்கு மாறி இரண்டு வருடம்.
சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.
குனிய முடியாததால்
என்னைக் குழாயில் காது வைக்கச் சொன்னார்.
எப்படிக் கேக்குது?
போர் தண்ணி மாதிரியேதான்பா.
அவர் எதுவும் சொல்லவில்லை.
ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

என் மகள் ரிதன்யாவுக்குப் பால்பல் விழுந்து
புதுசு முளைத்தபோது அவர் இல்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வெள்ளை. கடைசிப் பல் வரைக்கும் வெள்ளை.
போதும்பா, வாய் வலிக்குது என்றாள்.

இன்று காலை காலனி வால்வில்
கெம்பம்மா குடத்தோடு நிறுத்தினாள்.
என்னடா தண்ணி விடற, சப்புன்னு?
உங்கப்பன் விட்டதுதான் ருசி என்றாள்,
ஒரு பல்கூட இல்லாத வாயால்.

நான் பதில் சொல்லவில்லை.
இன்னொரு அரைச் சுற்று திறந்தேன்.