பன்னிரண்டு கட்டம்

கட்டிங் மேசையில் விரிக்கிற மார்க்கர் தாளில்தான்
முதல் படம் போட்டேன்.
ஆறுக்கு ரெண்டு. கட்டத்துக்கு ஒரு வீடு.
சாக்பீஸ் பொடி விரலில் இருக்கும்போதே
ஏழாம் வீட்டு ரஞ்சு தேவி குறுக்கே கோடிழுத்து
தன் கட்டத்தை நாலு முக்கோணமாக்கினாள்.
அவள் ஊர்ப் போர்வை அப்படித்தானாம்.

பவானிக்காரி நாச்சக்காளுக்குப் பொறுக்கவில்லை.
"பட்டை பட்டையா ஓடோணும் அம்மிணி.
சேப்பு, பச்சை, மறுக்கா சேப்பு.
முக்கோணத்துல எவ உக்காருவா?"

உட்கார இல்லீங்க, போர்த்த என்றேன்.
மார்கழிக்கு இந்த லைனில்
எல்லா வீட்டிலும் பனியன் வேஸ்ட் போர்வைதான்.
கிலோ போட்டு வாங்கியது.
கப்பலேறிய நீலத்தில் மிஞ்சிய ஓரம்,
ஓட்டை விழுந்து ரிஜெக்ட்டான மஞ்சளில் ஒரு கை.
ஓவர்லாக் ஓட்டுகிற எனக்கு
துண்டோடு துண்டைச் சேர்க்கத்தான் தெரியும்.

இடம், பூட்டிப் போட்ட சாயப்பட்டறையின் பின்புறம்.
வில்லங்கம் தீரும் வரைக்கும்
என்னமோ பண்ணிக்கங்க என்றார் ஓனர்.
மண்ணைக் கிளறினால் ஒரு சாண் ஆழத்தில்
இன்னும் ஊதா.
எந்த வருசத்து ஆர்டரோ, எந்த நாட்டுச் சட்டையோ.
ஒரு டெம்போ செம்மண் கொட்டினோம்,
வீட்டுக்கு முந்நூறு ரூபாய்.
நாலாம் வீடு இன்னும் நூறு பாக்கி.

செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை.
நாச்சக்காள் பிடிவாதமாய்
பட்டை பட்டையாகவே காசித்தும்பை போட்டாள்.
மூலைக் கட்டத்தில் உப்புப் பூத்து எதுவும் வரவில்லை;
நித்தியகல்யாணி மட்டும்
யாரையும் கேட்காமல் நின்றது.
குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடத்துத் தண்ணீர்,
அதற்கும் சண்டை.

புரட்டாசியில் காசித்தும்பைக் காய்கள்
தொட்டால் வெடித்தன, தொடாமலும்.
நாச்சக்காளின் பட்டை
ரஞ்சுவின் முக்கோணத்துக்குள் தெறித்து முளைத்தது.
களையென்று பிடுங்கப் போனவள்
ரோஸ் நிறமாக ஒன்று பூத்திருக்கவும்
அப்படியே விட்டுவிட்டாள்.
அது பற்றி இருவரும் பேசவில்லை.

தரையில் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
இலையும் குச்சியும் கொசுவும்.
போர்வை எங்கே என்று குழந்தைகள் கேட்டார்கள்.
மேல்நிலைத் தொட்டியில் வால்வு திருகுகிற
மயிலானந்தனிடம் போனைக் கொடுத்து
ஒரு போட்டோ பிடிச்சுட்டு வாங்க என்று ஏற்றிவிட்டோம்.
இறங்கி வந்தவன் தலையைச் சொறிந்தான்.
"கோணல்மாணலா இருக்குதுங்.
நடுவுல ஒரு கிழிசல்."

ஒன்பதாம் கட்டம்.
ஆர்டர் இல்லாத ஆடியில்
அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு
சிவமலை குடும்பம் காங்கயம் போயிருந்தது.
அவர்கள் வைத்த கோழிக்கொண்டை
நட்ட நடுவில் சிவப்பாக நிற்க வேண்டியது,
காய்ந்து சாக்குநிறத்தில் கிடந்தது.
எங்கள் வீட்டு நீர் அங்கே போகவில்லை.
போட்டோவில்தான் அது உறைத்தது.

ஐப்பசியில் அந்த வீட்டுக்கு ஹரிபந்துவும்
அவன் மனைவியும் வந்தார்கள், ஒரு பாய், ஒரு குக்கர்.
கட்டத்தைக் காட்டி
சிவப்புப் பூ, சிவப்பு என்று உதட்டைத் தொட்டுக் காட்டினேன்.
அவள் தலையாட்டினாள்.
மிளகாய் நட்டாள்.

திட்டலாமா என்று கூடிப் பேசினோம்.
நாச்சக்காள்தான் சொன்னாள்,
"கெடக்குது உடு, பூத்துத்தான காய்க்கும்."

தை பிறந்து மயிலானந்தன் மறுபடி மேலேறியபோது
கட்டம் ஒன்பது சிவந்து கிடந்ததாம்,
தாளில் நான் குறித்த இடத்தில், குறித்த நிறத்தில்.
போனை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறச் சொல்வதற்குள்
அவள் பறித்து முடித்திருந்தாள்.
பன்னிரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு கை.

அன்றைக்கு லைன் முழுக்க ஒரே துவையல்.
நாலாம் வீட்டில் மட்டும் இருமிக்கொண்டே
அந்த நூறு ரூபாயை
எடுத்து நீட்டினார்கள்.