தூண்டல் இல்லாத துலங்கல்

நாற்பத்தொரு ஓட்டோச் சாரதிகள்.
மடிக்கணினியில் ஓர் இரவு வீதி,
அனுராதபுரச் சந்தியிலிருந்து உவர்மலை ஏற்றம் வரை
ஆறு நிமிடம் நாற்பது செக்கன்.
மான் தெரிந்ததும் விசையை அழுத்தவேண்டும்.
அவ்வளவுதான்.

பிரயோகப் பரிசோதனை உளவியல் சஞ்சிகை
எங்கள் மான்களை முதலில் நம்பவில்லை.
"நகரத்துக்குள் புள்ளிமானா?
உருவகமாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்
முதலாம் மதிப்பீட்டாளர்.
பஸ் நிலையத்தில் எடுத்த படத்தை அனுப்பினேன்:
யாரோ ஒருவரின் பயணப்பையில் சாய்ந்து
அசைபோட்டபடி ஒரு கலைமான்.
ஒன்பதாம் இலக்கத்தவரின் ஒப்புதல் படிவத்தைத்
தின்றதும் அதுதான் என்பதை எழுதவில்லை.

இரண்டாமவர் வேறு ஆள்.
மூன்றாம் அட்டவணையை வரிவரியாக வாசித்திருக்கிறார்.
"நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் செக்கன்.
திரையில் எதுவுமில்லை.
பதினாறு பேர் அழுத்தியிருக்கிறார்கள்,
எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.
கருவியில் பிழையா?"

கருவியில் பிழையில்லை.
காட்சியை அவ்விடத்தில் நிறுத்திப் பார்த்தேன்.
ஒரு மதில். பூட்டிய பேக்கரி.
விளக்கின் கீழ் வெறும் தார்.
கிண்ணியா நூர்தீன் அழுத்தியிருந்தார்,
அபயபுரத்துத் தயாசேன அழுத்தியிருந்தார்,
பூலோகசிங்கம் இரண்டு தடவை.

தொலைபேசியில் கேட்டேன்.
"இல்லைப் பிள்ளை, நான் அமத்தவேயில்லை" என்றார்
பூலோகசிங்கம்.
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
"அந்த மதிலுக்கு முன்னாலயோ?
அதில பெரிய லைற்றை நூத்து
உள் லைற்றைப் போடோணும்.
அப்ப."

சாவடியைத் தூக்கிப் பல வருசம்.
மண்மூட்டை அடுக்கியிருந்த இடத்தில்
இப்போது ரீலோட் விளம்பரம் நிற்கிறது.

தூண்டல் இல்லாத துலங்கல் போலி எச்சரிக்கை,
நீக்குக, என்றது சஞ்சிகையின் விதி.
நீக்கினேன்.
நியமவிலகல் ஒடுங்கியது, வரைபு அழகானது.
"ஆலோசனைக்கு நன்றி.
முடிவுகளில் மாற்றமில்லை" என்று பதில் எழுதினேன்.
நீக்கிய பதினாறும்
என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல்
'புதிய கோப்புறை 2' இல் கிடக்கின்றன.

கட்டுரை ஏற்கப்பட்ட இரவு மழை.
வந்தது தயாசேனவின் ஓட்டோ.
ஏதோ கிரிக்கெட் கதை சொல்லிக்கொண்டே வந்தவர்
மதில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்,
கதையை நிறுத்தாமல்.

நடு வீதியில், நனைந்தபடி, ஒரு மான்குட்டி.
அவர் அதைக் கண்டது
பிரேக் பிடித்த பிறகுதான்.

ஹோர்ன் அடித்தார்.
அது நகரவில்லை.