நடுவில் ஒரு புள்ளி

ஐஸ் கம்பெனி ரசீதின் முதுகில்
ஏழு ஊரை வட்டமாக எழுதினேன்:
பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம்,
வேதாளை, மரைக்காயர்பட்டினம்,
புதுமடம், பெரியபட்டினம்.
நடுவில் ஒரு புள்ளி.
வட்டத்தை வாரம் ஒரு ஊர் நகர்த்தினால்
யாருக்கு எதிரே புள்ளி வருகிறதோ
அவர்களுக்கு அன்று ஆட்டம் இல்லை.
இருபத்தோரு ஆட்டம், ஏழு ஞாயிறு.
அரைமணியில் கணக்கு முடிந்தது.

பிறகுதான் கடல் வந்து
மேசைக்கு எதிரே உட்கார்ந்தது.

சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் போகிற விசைப்படகு
ஞாயிறு விடியத்தான் அணையும்.
மீன் இறக்கி, வலை உதறி,
கண்ணயர மணி பதினொன்று.
காலையில் பூசை, கோயில் பக்கம் கல்யாணம்.
ஆகவே மாலை மட்டும்.
மூன்றரை, ஐந்து, ஆறரை.

மூன்றரைக்குக் கிழக்கே நிற்பவன்
கண்ணில் வெயில், கச்சான் அள்ளி எறியும்
மணல் பல்லில்.
ஆறரைக்கு ஒரே விளக்குக் கம்பம்,
பந்தைவிடப் பெரிய நிழல்,
எட்டே முக்காலுக்குக் கடைசி பஸ்.
ஐந்து மணிதான் ஆட்டம்.
மற்ற இரண்டும் பிழைப்பு.

ஆளுக்கு இரண்டு வெயில், இரண்டு ஐந்து மணி, இரண்டு விளக்கு.
எழுதினேன், அழித்தேன்.
அச்சடித்து ஒட்டியபோது
ஆறு ஊரும் ஒன்றும் சொல்லவில்லை.

வில்லாயுதம் மட்டும்
தோளில் ஐஸ் கட்டி சொட்டச் சொட்ட
ஜன்னலுக்கு வெளியே நின்றான்.
வேதாளை கேப்டன். என் ஊர்.
"நமக்கு நாலு வெயில், ரெண்டு விளக்கு.
அஞ்சு மணி ஒண்ணுகூட இல்லையே."

"நான் போட்ட அட்டவணை.
சொந்த ஊருக்குச் சலுகைன்னு
யாரும் சொல்லிடக் கூடாது பாரு."

"சரி. அதுக்காக
நம்ம ஊரு ஊரில்லையா?"

ஐஸ் உருகி அவன் முழங்கையில் வழிந்தது.
நிற்க நேரமில்லாமல் போய்விட்டான்.

அன்றிரவு பேனாவால் அல்ல, பென்சிலால்.
நான் விட்டுக்கொடுத்த இரண்டு ஐந்து மணியும்
பாம்பனிடம் ஒன்று, புதுமடத்திடம் ஒன்று
சத்தமில்லாமல் இருந்தன.
கேட்காமலே கிடைத்ததை
யார் புகார் சொல்லப்போகிறார்கள்?
நல்லவன் என்று பெயரெடுக்க
பன்னிரண்டு பேர் கண்ணில்
வெயிலை வைத்திருக்கிறேன்.

திருத்தியதை ஒட்டினேன்.
புதுமடம் சீனி உமர் போன் செய்து
கால்மணி நேரம் திட்டினான்.
பாம்பன் கித்தேரியான் போனே செய்யவில்லை,
இரண்டு நாள் ஐஸை
வேறு கம்பெனியில் வாங்கினான்.
முதலாளி என்னைப் பார்த்த பார்வையை
எந்தக் கட்டத்தில் எழுத?

ஆறாம் வாரம் பாம்பனில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
சனிக்கிழமை டோக்கன் இல்லை.
நாட்டுப்படகும் கரையேறிவிட்டது.
முதல்முறையாக எல்லோருக்கும்
ஒரே நாளில் விடுப்பு.
ஏழு அணியும் வந்தது,
புள்ளிக்கு எதிரே இருந்த மண்டபமும்.

வில்லாயுதம் சர்வீஸ் போட்டான்.
பந்து வலையைத் தாண்டியது,
எல்லையைத் தாண்டியது,
கருவேல மரத்தையும் தாண்டிப் போனது.
ஆளுக்கொரு முறை அடித்துப் பார்த்தார்கள்.
காற்று எல்லோருக்கும் அதையே செய்தது.

சீனி உமர்தான் முதலில் சிரித்தான்.
முள்ளுக்குள் இறங்கிப் பந்தை எடுத்தவன்
கையை உதறிக்கொண்டே கேட்டான்:
"இதை எந்த மணியில சேப்பீக?"

ரசீதைத் திருப்பினேன்.
முன்பக்கம், நாற்பது கட்டி, கடன்.
ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.
எட்டாம் வாரம் என்று எழுதினேன்.