இன்னும் அரைச் சுற்று

புன்டா அரேனாஸில் காற்றுக்கு இரவு பகல் கிடையாது.
நெலிதா பர்ரியா வேனுக்கடியில் மல்லாந்து கிடக்கிறாள்.
காலை ஏழுக்குப் பதினோரு பிள்ளைகள்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வழுக்குகிறது.
ஆறு முனை இருந்த போல்ட் தலை
சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி.

"எந்தப் படுபாவி இதை இறுக்கியது?"
டார்ச் பிடித்திருக்கும் எதிர்வீட்டு யூத்ரோனிச் கேட்கிறார்.
அவள் சுத்தியல் கேட்கிறாள்.

போன மார்ச்சில், முதன்முறை தனியாக.
ஒழுகிவிடுமோ என்று அரைச் சுற்று,
ஒழுகிவிடுமோ என்று இன்னும் அரை,
அப்புறம் உடம்பு மொத்தத்தையும் கைப்பிடியில் தொங்கவிட்டு.

பதினாறு சாக்கெட்டை அறைந்து ஏற்றுகிறாள்.
மூன்றாவது இழுப்பில் டக்கென்று ஒரு சத்தம்.
மணிக்கட்டா போல்ட்டா, ஒரு கணம் தெரியவில்லை.

பிறகு கறுப்பாய், வெதுவெதுப்பாய்,
காற்றில் சாய்ந்து, தட்டைத் தவறவிட்டு
அவள் சட்டைக்கைக்குள் இறங்குகிறது எண்ணெய்.
போல்ட்டைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்திருக்கிறது
சட்டியின் மரை,
வெள்ளி நூலாய்ச் சுருண்டு.

இனி எதைப் போட்டாலும் பிடிக்காது.
கடைகளும் பூட்டியாயிற்று.

யூத்ரோனிச் தன் ஜீப்பைத் திரும்பிப் பார்க்கிறார்,
விரல் விட்டு எண்ணுகிறார்.
"மூன்று நடை அடிக்கலாம்."

டார்ச் அணைந்தபின், அடியிலிருந்து குரல்:
"அந்தப் படுபாவி நான்தான்.
ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை, தெரியுமா,
இன்று வரைக்கும்."