நீலத் தொட்டி

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
பாறையில் இன்னும் இரவின் குளிர்.
கோட்டையின் இரண்டாம் வாசலில்
வழக்கம்போல் மூச்சு வாங்க நின்று
சுவரைப் பார்ப்பதுபோல் பாவனை.
பார்க்க யாருமில்லை.

சீத்தாப் புதரில் ஏதோ நகர்ந்தது.
நின்றேன். அதுவும் நின்றது.
பிறகு அவரவர் வழி.

உச்சியில்,
தக்காளி மண்டி விளக்குகள் அணைய அணைய
ராயக்கோட்டை தன் கூரைகளை
ஒவ்வொன்றாய் வெளியே எடுக்கிறது.
தர்மபுரி ரயில்
சத்தத்தை முன்னால் அனுப்பிவிட்டு
மெதுவாய்ப் பின்னால் வருகிறது.

என் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம்:
நீலத் தொட்டி.
இன்று அதன் விளிம்பிலிருந்து
வெயில் பட்டு
மெல்லிய கம்பியாய் ஒன்று இறங்குகிறது.

மோட்டாரை நிறுத்தவில்லை.

போனும் வீட்டில்.
இறங்க நாற்பது நிமிடம்,
ஓடினால் முப்பது.

திம்மராயன் வீட்டு அவரைப் பந்தல்
நனைவதைப் பார்த்தபடி
இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தேன்.