தாங்குதிறன், பாடம் நான்கு

இரவு பதினொன்று. வெயில்.
கழிவு உறிஞ்சும் வண்டியின் முன்னிருக்கையில்
ஸ்டியரிங்கில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து
பாடம் நான்கைத் திறக்கிறாள் குன்வோர்.
கையுறை ஒன்றைத்தான் கழற்றியிருக்கிறாள்.

லோஃபோத்தன் தீவுகள், ஜூலை.
சூரியன் கடலைத் தொட வந்து
மனம் மாறித் திரும்புகிற மாதம்.
அதைப் படம்பிடிக்கத்தான் இத்தனை பேர்.
வெண்மணல் வளைவுக்கு மேலே
நாற்பத்தொரு வேன்கள்,
எண்ணி முடியாத கூடாரங்கள்,
நகராட்சியின் இரண்டே இரண்டு கழிப்பறைகள்.
அவற்றின் அடியில் ஒரு தொட்டி.
அந்தத் தொட்டிதான் இவள் உத்தியோகம்.

நிலைத்த சுற்றுலா மேலாண்மை,
இணையவழி, பன்னிரண்டு வாரம்.
படிக்க வேண்டிய அதிகாரி பிரசவ விடுப்பில்.
கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று
இவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

"ஓர் இடத்தின் தாங்குதிறன் என்பது"
என்கிறார் டெல்ஃப்ட் நகரத்துப் பேராசிரியர்,
தோளுக்குப் பின்னால் ஒரு கள்ளிச்செடி,
"அந்த இடமும், அங்கே வாழ்பவரும்
கெட்டுப்போகாமல்..."
படம் உறைகிறது.
மலை அலைவரிசையை மறைக்கும் இடம் இது.
திறந்த வாயோடு நிற்கிறார் பேராசிரியர்.
குன்வோருக்கு விடை தெரியும்:
இரண்டாயிரத்து நானூறு லிட்டர்.

ஏழு கோடைகளாகக் குறித்து வைத்திருக்கிறாள்
எண்ணெய்க்கறை படிந்த நோட்டில், தேதியும் லிட்டரும்.
முதல் கோடையில் வாரம் ஒருமுறை போதும்.
யாரோ எங்கோ போட்ட ஒரு படத்துக்குப் பிறகு
ஒன்றுவிட்டு ஒருநாள்.
இந்த ஜூலையில் தினமும்.
தொட்டி வழிந்த மறுநாள் காலை
பாறைகளின் பின்னால் வெள்ளைத் தாள்கள் படபடக்கும்.
பருத்திப்புல் பூத்திருக்கிறதென்று
ஒரு பெண் குனிந்து படமெடுத்தாள்.
இவள் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம் நாம்.
இங்கே விருந்து மூன்று மணி நேரம்கூட நிற்பதில்லை.
போவதும் இல்லை.
ஆள் மாறி ஆள் மாறி அதே விருந்து.

சென்ற வாரக் கலந்துரையாடலில்
சன்சிபாரிலிருந்து மும்வனைதி எழுதியிருந்தாள்:
எங்களுக்குக் கிணறுதான் கணக்கு.
விடுதி நிரம்பினால் தண்ணீர் கரிக்கும்.
குன்வோர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள்:
வருகிறவர்களை எண்ண இங்கே ஒரு அலுவலகம் உண்டு.
விட்டுப்போவதை எண்ண நான் ஒருத்தி.
வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது:
உனக்கு நாற்றம், எனக்கு உப்பு.

பாடம் வராவிட்டாலும் தேர்வு வரும்.
எழுத்து மட்டும் என்பதால் மெல்லத் திறக்கிறது.
இருபது கேள்விகள், முப்பது நிமிடம்.
பதினேழாவது:
வருகை பெருகும்போது முதலில் செய்யவேண்டியது எது?
வசதிகளைக் கூட்டுவதா,
உள்ளூர்க்காரரைக் கேட்பதா...
விரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.
ஏழு கோடையில் தன்னை யாரும்
எதுவும் கேட்டதில்லை என்று
இப்போதுதான் உறைக்கிறது.

கண்ணாடியில் தட்டுகிறான் ஒரு பையன்,
ஒரு கை வயிற்றில்.
"ரொம்பி வழியுது. எத்தனை நேரம் ஆகும்?"
இறங்குகிறாள். குழாயை இழுக்கிறாள்.
பம்பு உறுமுகிறது.
வரிசை நீள்கிறது, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல்.
"இன்னும் நாலு கட்டலாமே?" என்கிறான்
வெளியே வந்த பையன், முகம் தெளிந்து.
"அதுவும் ஒரு விடைதான்" என்று
குழாயைச் சுருட்டுகிறாள்.

திரும்பி வந்தால் நேரம் முடிந்திருக்கிறது.
அறுபத்தெட்டு. தேற எழுபது.
மறுதேர்வு ஏழு நாள் கழித்து.
அதற்குள் ஏழுமுறை நிரம்பும்.

நோட்டில் இன்றைய தேதி, 2400.
சாவியைத் திருப்புகிறாள்.
சுரங்கப்பாதை தாண்டி அலைவரிசை மீள்கிறது.
பக்கத்து இருக்கையில் கிடக்கும் கைப்பேசியிலிருந்து
விட்ட இடத்தில் தொடர்கிறார் பேராசிரியர்:
"...ஏற்கக்கூடிய எண்ணிக்கை.
இங்கே சற்று நிறுத்தி
உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள்."

வளைவில் வண்டி திரும்ப
பின்னால் தொட்டி ஒருமுறை
களக்கென்று சாய்ந்து நிமிர்கிறது.